டயல்-அப் மோடம் ஏன் அப்படிக் கத்தியது?

தொலைபேசி வழியாக இணையத்தில் இணைந்த டயல்-அப் காலத்தில், கணினியின் பிசிஐ ஸ்லாட்டில் மோடம் கார்டை அழுத்திச் செருகி, ‘லைன்’ என்று எழுதிய துளையில் தொலைபேசி வயரை மாட்டினால் பாதி வேலை முடிந்தது. மீதியை மோடம் கத்தியே முடிக்கும்.

தொலைபேசி இணைப்பு மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். எனவே கணினியின் 0, 1 எல்லாம் அந்த எல்லைக்குள் ஒலியாக மாறித்தான் போகவேண்டும். டயல் செய்ததும் மறுமுனை மோடம் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு ‘பீ...’ விடும். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்: ‘நான் மோடம்’ என்று சொல்வதோடு, பேச்சுக்காக நெடுந்தூர இணைப்புகளில் வைத்திருக்கும் எதிரொலித் தடுப்பானையும் அது நிறுத்திவிடும். அடுத்து வரும் ‘கர்ர்ர்’ இரைச்சலில் இரண்டு மோடங்களும் கம்பியின் தரத்தை அளந்து, தாங்கும் வேகத்தைப் பேசி முடிக்கும். பிறகு மோடமின் ஸ்பீக்கர் அடங்கும். எண் மாறி யாராவது ‘ஹலோ’ என்றால் நமக்குக் கேட்கவே அதுவரை அது திறந்திருந்தது.