விஜயந்தாவின் முதுகில் ஏறிய பீரங்கி!

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை வாசலில் இருக்கும் பழைய பீரங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். 1782 பிப்ரவரி 17-ல் இந்த ஊருக்கு எதிரே நடுக்கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் பீரங்கிகளால் மோதிக்கொண்டது தனி வரலாறு. ஆனால், கோட்டைப் பீரங்கிக்கு ஒரு பெரிய குறை உண்டு. வைத்த இடத்திலேயே கிடக்கும். நகர்த்த வேண்டுமென்றால் மாடோ, குதிரையோ, ஆட்களோ வந்து இழுக்க வேண்டும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் தானே ஓடும் பீரங்கி வண்டி. அதில் ஒன்றுக்குப் பிறந்த வீடு நம்ம ஆவடி!

ஏன் ஓட வேண்டும்?

பீரங்கி சுட்டதுமே, குண்டு வந்த பாதையை எதிரியின் ரேடார் கணக்கிட்டு, சுட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிடும். சில நிமிடங்களில் பதில் குண்டு அங்கேயே விழும். லாரியில் கட்டி இழுக்கும் பீரங்கியை மடக்கி, மாட்டிக் கிளம்புவதற்குள் வீரர்களின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 'சுடு, உடனே இடத்தை மாற்று' என்பதே தானே ஓடும் பீரங்கியின் தாரக மந்திரம்.

பழைய வண்டி, பழைய பீரங்கி

நம் ராணுவத்திடம் சோவியத் தயாரிப்பான 130 மி.மீ. எம்-46 பீரங்கி இருந்தது. 27 கி.மீ. தூரம் சுடும், ஆனால் எடை 7 டன்னுக்கும் மேல். இன்னொரு பக்கம், 1965 முதல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான விஜயந்தா டாங்கிகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது.

இரண்டையும் சேர்த்தால் என்ன? ஆவடியில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் போர் வாகன ஆய்வு நிறுவனம் அதைத்தான் செய்தது. விஜயந்தாவின் அடிப்பாகத்தை நீளமாக்கி, மேல் கூண்டை எடுத்துவிட்டு, எம்-46-ஐப் பொருத்தினார்கள். 'கேட்டபுல்ட்' என்ற பெயரில் 1980-களில் ராணுவத்தில் சேர்ந்தது. கையில் இருந்ததை வைத்தே செய்த சிக்கனமான சமையல்!

ஒரே குறை, பீரங்கியை இயக்குபவர்களுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை மட்டும்தான். சுற்றிலும் கவசம் கிடையாது.

வஜ்ரா வந்தது

அடுத்த முயற்சி 'பீம்'. அர்ஜுன் டாங்கியின் மேல் தென்னாப்பிரிக்க டெனல் நிறுவனத்தின் 155 மி.மீ. பீரங்கி. 2005-ல் டெனல் தடைப்பட்டியலில் சேர, திட்டம் நின்றது. பிறகு அர்ஜுன் அடிப்பாகத்திலேயே 130 மி.மீ. பீரங்கியை ஏற்றிய 'அர்ஜுன் கேட்டபுல்ட்' ஆவடியில் உருவானது. 2014-ல் 40 வண்டிகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் முதற்கட்ட ஒப்புதலும் தந்தது.

ஆனால், பெரிய ஆர்டர் வேறு பக்கம் போனது. 2017-ல் தென்கொரிய நிறுவனத்துடன் கைகோத்த எல் அண்ட் டி-க்கு 100 'கே9 வஜ்ரா' பீரங்கிகளுக்கான ஒப்பந்தம் கிடைத்தது. குஜராத்தின் ஹசிராவில் தயாராகி, 2021 பிப்ரவரியில் நூறாவது வண்டியும் கிளம்பியது. பாலைவனத்துக்காக வாங்கிய வஜ்ரா, அதே ஆண்டு லடாக் பனிமலையிலும் ஏறியது. 2024 டிசம்பரில் மேலும் 100-க்கு ஒப்பந்தம்.

வஜ்ராவுக்குள் 5 பேர்; எல்லோரும் எஃகுக் கவசத்துக்குள். கூரை மட்டுமே துணையாக நின்று சுட்ட கேட்டபுல்ட் வீரர்களுக்குத்தான் அந்தக் கவசத்தின் அருமை நன்றாகத் தெரியும்.