நிலநடுக்கமும் பின்னெழு தீயும்

நிலம் எந்நாளில் நடுங்கும் என்று முன்னறிந்து கூறும் ஆற்றலை அறிவியல் இன்னும் பெற்றிலது. ஆயினும், நடுங்கியபின் எவ்வூரில் தீ எழும், எழுந்த தீ எவ்வளவு பரவும் என்பவற்றை ஓரளவு கணித்தல் கூடும். முன்னது இயற்கையின்பாற்பட்டது, பின்னதோ மனிதர் வீடு கட்டும் முறையையும் நீரைப் பேணும் முறையையும் பொறுத்தது.

1923 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள், நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், யப்பானின் காந்தோ நிலப்பகுதி நடுங்கிற்று. மதிய உணவுக்காக அடுப்புகள் எரிந்த வேளை அது. மரவீடுகள் நெருங்கியிருந்தன, காற்றும் பலமாக வீசியது. மாண்டோர் ஏறக்குறைய 1,05,000 பேர். அவருட் பெரும்பாலோரைக் கொன்றது தீயே. 1906 இல் சான் பிரான்சிஸ்கோவில் நீர்க்குழாய்கள் உடைந்தமையால், தீயணைப்போர் நீரின்றித் தவித்தனர். 1995 இல் கோபே நகரிற் காற்று மெல்லென வீசியும் ஏறக்குறைய 7,000 கட்டடங்கள் எரிந்தன. அறுந்த மின்சாரத்தை மீள வழங்கியபோதும் சில இடங்களிற் புதுத் தீ மூண்டது. மாறாக, 2001 இல் குசராத்தின் பூச்சு நகரிற் கல்லும் மண்ணுமான சுவர்கள் சரிந்து பலரைப் புதைத்தன. ஊரை விழுங்கும் பெருந்தீ ஆங்கு எழவில்லை. எனவே, நடுக்கத்தின் வலிமை ஒன்றே தீயின் அளவை உறுதிசெய்வதன்று.

தீயைக் கணிப்போர் மூன்று வினாக்களை எழுப்புவர்: தீ எத்தனை இடங்களில் மூளும்? எவ்வளவு விரைவிற் பரவும்? அணைத்தற்கு நீரும் வழியும் உளவா? இவற்றுள் இரண்டாவதற்கு, 1951 இல் ஹமாடா மினோரு என்னும் யப்பானிய அறிஞர் ஒரு சூத்திரம் வகுத்தார். காற்றின் வேகம், வீட்டின் அளவு, வீடுகளுக்கிடையேயுள்ள தூரம், கட்டடப் பொருள் ஆகியன அதன் உறுப்புகள்.

இக்கணக்கைக் கல்லடிக்குப் பொருத்திப் பார்த்தல் தகும். இலங்கை புவித்தட்டுகளின் விளிம்பினின்று விலகியிருத்தலின், இங்குப் பெரு நடுக்கம் அரிது. ஆயினும், 2004 டிசம்பர் 26 இல் சுமாத்திராவருகே நடுங்கிய கடற்றளம், இரண்டு மணி நேரத்துள் கல்லடிக் கரையை ஆழிப்பேரலையால் அழித்தது. அத்தகைய அலை தீயையும் கொணரலாம்: 2011 இல் யப்பானின் கெசென்னுமாத் துறைமுகத்தில், அலையாற் கவிழ்ந்த தாங்கிகளின் எண்ணெய் நீர்மேற் பரந்து எரிந்தது. ஆதலின், கரையோரத்தில் எரிபொருள் வைக்கும் இடமும் கணக்கிற் சேர்தல் வேண்டும்.

கல்லடி, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் சூழ்ந்த ஒடுங்கிய நிலம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிடுகு வேலியும் ஓலைக் குடிலும் நன்கு உலர்ந்திருக்கும். அக்காலத்து மூளும் தீக்கும் மாரிகாலத் தீக்கும் வேறுபாடு பெரிது. உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழியே வாவிக்கு அப்பாலிருந்து வருவது. குழாய் உடையின் வீட்டுக் கிணறே துணை. நகரத்து உதவி நேர்வழியே வரப் பாலத்தைக் கடத்தல் வேண்டும். இருபுறமும் நீர் இருப்பினும், அதனை இறைக்கும் பொறியும் பொறி செல்லும் ஒழுங்கையும் இல்லையேல் அந்நீர் பயன்படாது.

கிணறுகள், ஒழுங்கைகளின் அகலம், வீடுகளின் இடைவெளி, எரிவாயுவும் எண்ணெயும் வைக்கும் இடங்கள் ஆகியவற்றைக் குறித்து ஊருக்கொரு படம் வரைதல் மாணாக்கர்க்கும் இயலும் பணி. நடுக்கம் ஒருநாளும் வாராதிருப்பினும், ஓர் அடுப்பங்கரையில் மூளும் சிறுதீ அயல்வீட்டை அணுகாது காத்தற்கு அப்படம் உதவும்.