புதுச் சைலன்சர், பழைய ஜெற்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மோட்டார் சைக்கிள்கள் நிற்கவில்லை. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணினார்கள்; இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெய் ஆவியாகப் பெற்றோலைவிட அதிகச் சூடு வேண்டும் என்பதால்தான் அந்தப் பாடு. புகையும் நாற்றமும் அடிக்கடி கரி பிடிக்கும் பிளக்கும் அதற்குக் கொடுத்த விலை.

வடபகுதிக் கடற்றொழிலாளர்களுக்கு இது பழங்கதை அல்ல. அவர்களின் படகுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்கள் இன்றும் உண்டு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியபோது அடி நேரே மடியில் விழுந்தது.

எரிபொருளையே மாற்றி ஓடிய குடாநாட்டின் வல்வெட்டித்துறைப் பக்கத்தில், சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு ‘இழுவை குறைஞ்சு போச்சு’ என்று ஒருவர் கராஜுக்கு வந்தால் பழைய மெக்கானிக் முதலில் பார்ப்பது காபரேற்றரைத்தான்.

காபரேற்றருக்கு யோசிக்கத் தெரியாது. உள்ளே பாயும் காற்று அழுத்தத்தைக் குறைக்க, ஜெற் எனப்படும் பித்தளைத் துளை வழியே பெற்றோல் உறிஞ்சப்படுகிறது. ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதம் இயன்றவரை பொருந்தும்படி, பழைய சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் வைத்தே தொழிற்சாலை துளையின் அளவை முடிவு செய்தது. தடை குறைந்த குழாய் வந்தால் காற்று கூடுகிறது. உறிஞ்சலும் கூடத்தான் செய்யும், ஆனால் அதே அளவில் அல்ல. கலவையில் பெற்றோல் குறைந்து இயந்திரம் கொதிக்கத் தொடங்குகிறது.

எந்தத் துளையை மாற்றுவது? அக்சிலேற்றரை முறுக்காதபோதும் கால்பங்கு வரையும் பைலற் ஜெற், நடுப்பகுதியில் ஊசி, முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெற். இவற்றுக்கிடையே கோடு கிழித்த எல்லை இல்லை. நடுவேகத்தில் மட்டும் திணறினால் ஊசியின் கிளிப்பை ஒரு படி கீழே போட்டு ஊசியை உயர்த்தினாலே பலவேளை போதும். அக்சிலேற்றரை விடும்போது பின்னால் ‘பட்பட்’ என்று வெடித்தால் ஜெற்றில் கை வைக்குமுன், குழாய் சிலிண்டரோடு சேரும் கஸ்கற் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே ஒழுகினாலும் அதே சத்தம்தான் வரும்.

பல ஜெற்களில் எண் என்பது துளையின் விட்டம், மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 100க்குப் பதில் 105 போட்டால் விட்டம் ஐந்து வீதம்தான் கூடுகிறது. துளையின் பரப்போ பத்து வீதத்துக்கு மேல். கம்பியால் குத்தித் துளையைப் பெருப்பிக்கும் கைவைத்தியம் ஆபத்தாவது இதனால்தான். மிக்குனிக் காபரேற்றரின் எண் முறையும் கெய்ஹின் காபரேற்றரின் எண் முறையும் வேறு வேறு. எண்ணை மட்டும் சொல்லிக் கடையில் வாங்குவது வீண். வடிகட்டிப் பெட்டியைத் தொடாமல் வால்பகுதிச் சைலன்சரை மட்டும் மாற்றியவருக்குப் பெரும்பாலும் ஓரிரு படிகளுக்கு மேல் தேவைப்படாது. உண்மையைச் சொன்னால், அவர் வாங்கியதில் வேகத்தைவிடச் சத்தமே அதிகம்.

சரிபார்க்கப் பிளக் போதும். முழு வேகத்தில் சற்று ஓடி, கிளச்சைப் பிடித்தபடி இயந்திரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்; வெளுத்திருந்தால் பெற்றோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் கூடிவிட்டது. இளம் பழுப்பு நல்லது. ஆளில்லாத நேரான தெருவில் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் காபரேற்றர் வண்டிகளின் ஆயுள் இலங்கையில் நீண்டது. அந்த வண்டிகளில், கடல் மட்டத்தில் இருக்கும் வல்வெட்டித்துறையில் சரியாக அமைந்த ஜெற், 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் கரி கக்கும். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மலையேறப் புறப்படுபவர் கழற்றிய பழைய சிறிய ஜெற்றையும் கருவிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.