செவித்திறன் குறையுடைய குழந்தைகளின் கல்வி

பிறவியிலேயோ, பேசக் கற்கும் முன்போ கேட்கும் திறனை முழுமையாக அல்லது பகுதியாக இழந்த குழந்தைகளுக்கு மொழியையும், அம்மொழியின் வழியாகப் பாடங்களையும் கற்பிக்கும் முறைகள் செவித்திறன் குறையுடைய குழந்தைகளின் கல்வி எனப்படுகின்றன. சிறப்புக் கல்வியின் பிற பிரிவுகளிலிருந்து இது ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. பார்வையற்ற குழந்தை பள்ளிக்கு வரும்போது தாய்மொழியோடு வருகிறது. அதற்கு எழுத்தைப் பிரெயில் போன்ற வேறொரு வடிவில் தர வேண்டும். காது கேளாத குழந்தையோ, உரிய வயதில் யாரும் கவனிக்காவிட்டால், எந்த மொழியும் இல்லாமலேயே பள்ளிக்கு வந்து சேர்கிறது. அதே வயதில் கேட்கும் குழந்தைக்குச் சில ஆயிரம் சொற்கள் தெரிந்திருக்கும். இந்தக் குழந்தைக்குத் தன் பெயரே தெரியாமல் இருக்கலாம். அறிவுத்திறனில் எந்தக் குறையும் இல்லாத பல குழந்தைகள் படிப்பில் பின்தங்கிப் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கேட்கும் குழந்தைக்கு யாரும் மொழியைக் கற்பிப்பதில்லை. 'தண்ணீர்' என்ற சொல்லை அது சமையலறையிலும் கிணற்றடியிலும் பேருந்திலும் ஆயிரம் முறை கேட்கிறது; பிறகு ஒருநாள் தானே சொல்கிறது. கருவில் ஆறாம், ஏழாம் மாதத்திலேயே கேட்கத் தொடங்கிவிடுவதால், பிறக்கும்போதே அதற்குச் சில மாதக் கேள்வி அனுபவம் உண்டு. மூளையில் மொழிக்கான இணைப்புகள் மிக வேகமாக உருவாவது முதல் மூன்று ஆண்டுகளில்தான். இந்தக் காலம் வீணானால் பிற்காலப் பயிற்சியால் அதை முழுமையாக ஈடுசெய்ய முடிவதில்லை. எனவே இத்துறையில் 'எந்தப் பள்ளி' என்பதற்கு முன் 'எந்த வயதில்' என்ற கேள்வி எழுகிறது.

கண்டறிதல்

காது கேளாமை கண்ணுக்குத் தெரியாத குறைபாடு. அதைக் கண்டறிவதில் தாமதம் ஏற்படப் பல காரணங்கள் உள்ளன. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே ஒலி எழுப்பும், சிரிக்கும், அழும். ஆறு மாதத்திற்குப் பிறகு மற்றக் குழந்தைகள் 'பா பா', 'மா மா' என மழலை பேசத் தொடங்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது. அப்போதும் 'ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்', 'இவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்' என்ற ஆறுதல் மொழிகள் வீட்டில் உண்டு. நாக்கில் வசம்பு தடவிக் காத்திருக்கும் குடும்பங்களும் உள்ளன. இக்குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்பதால் வீட்டில் யாருக்கும் முன் அனுபவம் இருப்பதில்லை.

வீட்டில் செய்து பார்க்கும் சோதனைகளும் ஏமாற்றும். தட்டு விழுந்தாலோ கதவு அறைந்தாலோ குழந்தை திரும்புவது அதிர்வை உணர்ந்ததால் இருக்கலாம். கை தட்டினால் திரும்புவது நிழலசைவைக் கண்டதால் இருக்கலாம். தாழ்ந்த அதிர்வெண்களில் நன்றாகக் கேட்டு, உயர்ந்த அதிர்வெண்களில் கேளாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு 'ஆ', 'ஊ' போன்ற உயிரொலிகள் கேட்கும். 'ச', 'ஸ்' போன்றவை கேட்காது. பெயர் சொல்லி அழைத்தால் அக்குழந்தை திரும்பிப் பார்க்கும், ஆனால் பேச்சு அதற்குப் பாதி அழிந்த எழுத்தைப் போலவே வந்து சேரும். இவர்களைத்தான் பல வகுப்பறைகள் 'கவனமில்லாதவன்', 'சொன்ன பேச்சைக் கேட்காதவள்' என்று பல ஆண்டுகள் தவறாக எடைபோடுகின்றன.

பிறந்த குழந்தையின் செவித்திறனை ஓரிரு நாள்களிலேயே சோதிக்கலாம். காதில் சிறு முனையைப் பொருத்தி உட்செவியின் எதிரொலியைப் பதிவு செய்யும் ஓஏஇ சோதனை சில நிமிடங்களில் முடியும், வலி இல்லை. அதில் ஐயம் எழுந்தால், ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்துலங்கலை அளக்கும் பெரா சோதனை செய்யப்படுகிறது. ஒரு மாதத்திற்குள் முதற்சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் 1-3-6 விதி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு, ஆறு மாதத்திற்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, அதற்குப் பின் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்ததைக் காட்டியது.

குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், கருவுற்ற தாய்க்கு ஏற்படும் ரூபெல்லா, சில நோய் எதிர் மருந்துகள், நெருங்கிய உறவில் நடக்கும் திருமணத்தால் கூடும் மரபணு வாய்ப்பு ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். காதில் சீழ் வடிதல், நடுச்செவியில் நீர் கோத்தல் போன்றவை தரும் கேளாமை பெரும்பாலும் மருத்துவத்தால் சரியாகும்; ஆனால் ஓராண்டு கவனிக்காமல் விட்டால் அந்த ஓராண்டுப் பாடம் போய்விடும்.

கருவிகள்

செவித்துணைக் கருவி ஒலியைப் பெருக்கித் தருகிறது. உட்செவியின் உணர்செல்கள் பெருமளவு சிதைந்திருந்தால் பெருக்கியும் பயனில்லை. அந்நிலையில் காக்ளியர் இம்ப்ளாண்ட் எனப்படும் உட்செவிக் கருவி அறுவை சிகிச்சை மூலம் பொருத்தப்படுகிறது. இது ஒலியை மின்குறிகளாக மாற்றிச் செவி நரம்புக்கு நேரடியாக அனுப்புகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு இச்சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

கருவி பொருத்திய நாளில் குழந்தை பேசத் தொடங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக உள்ளது. அது தவறு. மூன்று வயதில் கருவி பெற்ற குழந்தையின் 'கேட்கும் வயது' அன்றுதான் பூச்சியம். ஒலி உண்டு என்று அறிதல், ஒலிகளை வேறுபடுத்தல், சொல்லை அடையாளம் காணல், பொருள் கொள்ளல் எனப் படிப்படியாக அது ஏற வேண்டும். இதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்த பயிற்சி தேவை. வாரத்தில் சில மணி நேரம் பயிற்சியாளரிடமும், மீதி நேரம் முழுவதும் வீட்டிலும் அது நடக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் கிடைக்கும் கவனம் அதற்குப் பிந்தைய பயிற்சிக்கும், அறுந்த கம்பி, தீர்ந்த மின்கலம் போன்ற பராமரிப்புக்கும் கிடைப்பதில்லை. கருவி பெட்டிக்குள் போய்விட்ட குழந்தைக்கு அறுவை சிகிச்சையால் பயனில்லை.

கருவி சரியாக இயங்குகிறதா என்பதை ஆசிரியரோ பெற்றோரோ நாள்தோறும் ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். டேனியல் லிங் வகுத்த ஆறொலிச் சோதனை இதற்குப் பயன்படுகிறது. குழந்தைக்கு வாய் தெரியாதபடி ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆகிய ஒலிகளை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். கேட்டதும் குழந்தை ஒரு மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். பேச்சொலிகளின் அதிர்வெண் எல்லை முழுவதும் இந்த ஆறுக்குள் அடங்கும்.

பேச்சு மொழியும் சைகை மொழியும்

18ஆம் நூற்றாண்டில் பாரிசில் லெப்பே பாதிரியார் சைகை வழியாகக் கற்பித்தார். ஜெர்மனியில் சாமுவேல் ஹைனிக்கே பேச்சு வழியாகக் கற்பித்தார். அன்று தொடங்கிய கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பேச்சு முறையே உயர்ந்தது எனத் தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை தடை செய்யப்பட்டது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் கேட்கும் திறன் உடையவர்கள். அத்தீர்மானத்தின் விளைவுகளுக்கு வருத்தம் தெரிவிக்க, 2010இல் வான்கூவரில் நடந்த மாநாடு வரை 130 ஆண்டுகள் ஆயின.

சைகை மொழி என்பது கையசைத்துக் காட்டும் குறிப்பு அன்று. தனி இலக்கணம் கொண்ட முழு மொழி. சைகை மொழி பேசும் பெற்றோரின் குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் அதே வயதில் கைகளால் 'மழலை' பேசுகின்றன என்பதை 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியச் சைகை மொழிக்கான ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் புதுதில்லியில் அமைக்கப்பட்டது. அது 2018இல் வெளியிட்ட முதல் அகராதியில் 3,000 சொற்கள் இருந்தன. 2021இல் அது 10,000 ஆனது.

சைகை கற்றால் குழந்தை பேசாமல் போய்விடும் என்ற அச்சம் பெற்றோரிடம் உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. உண்மையான ஆபத்து வேறு: பேச்சு வந்துவிடும் என்று ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, அதுவும் வராமல், சைகையும் கற்பிக்கப்படாமல் குழந்தை இரண்டுக்கும் நடுவே நின்றுவிடுவது. எந்த வழியானாலும் ஒரு மொழி முழுமையாகவும் விரைவாகவும் கிடைத்தாக வேண்டும்.

தமிழ் கற்பதில் உள்ள சிக்கல்கள்

உதட்டசைவைப் படிப்பது பலர் நினைப்பதுபோல் முழுமையான வழியன்று. 'படம்', 'மடம்' ஆகிய இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். 'க', 'ங' போன்றவை தொண்டையருகே பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை. சூழலையும் முன்னறிவையும் கொண்டு ஊகித்தே மீதியை நிரப்ப வேண்டும். மொழி தெரியாத குழந்தையால் ஊகிக்கவும் இயலாது.

தமிழின் ஒட்டுநிலை அமைப்பு இன்னொரு தடை. ஐ, ஆல், கு, இல் போன்ற வேற்றுமை உருபுகள் சொல்லின் கடைசியில் அழுத்தமின்றி ஒலிப்பவை. வினைச்சொல்லின் காலம் இடைநிலையிலும், திணையும் பாலும் விகுதியிலும் உள்ளன. முதலில் செவிக்குத் தப்புவது இவைதான். அதனால் 'அம்மா கடை போ சட்டை வாங்கு' என்பது போன்ற வாக்கியங்களை மேல்வகுப்பு மாணவரும் எழுதக் காணலாம். செய்தி இருக்கிறது, இலக்கணம் இல்லை. பேச்சுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள இடைவெளி இதன்மேல் கூடுதல் சுமை: வீட்டில் உதட்டில் கண்ட 'வந்துட்டான்', நூலில் 'வந்துவிட்டான்' என்று நிற்கிறது. இவ்வுருபுகளை எழுத்து வடிவில், வண்ண அட்டைகளில், சிறு வயதிலேயே கண்ணுக்குக் காட்டிப் பழக்குவது நல்ல பயன் தருகிறது.

வகுப்பறையில்

சாதாரணப் பள்ளியில் இக்குழந்தைக்குத் தேவைப்படும் மாற்றங்களில் பல செலவில்லாதவை. கரும்பலகையைப் பார்த்தபடியே பேசும் ஆசிரியரின் பேச்சு இக்குழந்தைக்கு இல்லாத பேச்சு. எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேச வேண்டும். சன்னலுக்கு முன் நின்றால் முகம் இருளில் போய்விடும். வெளிச்சம் முகத்தில் விழ நிற்பதே சரி. முதல் வரிசையைவிட, மற்ற மாணவரின் முகங்களும் தெரியும்படி இரண்டாம் வரிசையின் ஓரம் பெரும்பாலும் நல்ல இடம். பின்னால் இருப்பவர் கேட்கும் கேள்வியை ஆசிரியர் திரும்பச் சொல்ல வேண்டும். கருவி மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதால், அவ்விடத்திலிருந்து தள்ளி அமர்த்துவதும் ஒரு உதவிதான். வாயை மிகையாக அசைத்தோ கத்தியோ பேசினால் உதட்டசைவு சிதைந்து குழப்பமே மிஞ்சும்.

'புரிந்ததா?' என்ற கேள்விக்கு இக்குழந்தைகள் தலையாட்டிவிடுவார்கள். கேலிக்கு ஆளாகாமல் இருக்க அவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் தந்திரம் அது. 'என்ன சொன்னேன், சொல்' என்று கேட்டால்தான் உண்மை தெரியும். 'சொல்வதை எழுதுதல்' என்ற பயிற்சியில் இவர்களின் மதிப்பெண் செவியை அளக்கிறதே தவிர மொழியறிவை அன்று.

பள்ளிகளும் சட்டமும்

தமிழகத்தில் இக்கல்வி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கியது. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. 1969இல் சென்னையில் நிறுவப்பட்ட பால வித்யாலயா, கைக்குழந்தைகளைத் தாயோடு சேர்த்துக்கொண்டு தாய்க்கும் பயிற்சி தரும் முறையால் அறியப்படுகிறது. ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் வந்துபோகின்றனர். ஒருவர் பல பள்ளிகளையும் பல வகைக் குறைபாடுகளையும் கவனிக்க வேண்டியிருப்பதால் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கின்றன.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையோருக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியையும், உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இட ஒதுக்கீட்டையும் அளிக்கிறது. சைகை மொழி அறிந்த ஆசிரியர்களை நியமிக்கவும் அது பணிக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் வரையறைப்படி இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவர் செவித்திறன் குறையுடையவர். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் அளவில் ஒலிப்பது. 45 டெசிபல் இழப்புள்ள குழந்தை வகுப்பில் பாதியைத் தவறவிடும். சான்றிதழ் கேட்டுச் சென்றால் அதற்குத் தகுதியில்லை என்ற பதிலே கிடைக்கும்.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் காது கேளாத மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கூடுதல் நேரமும் உண்டு. சுமையைக் குறைக்க இச்சலுகை உதவுகிறது. எனினும் ஆங்கிலத்தை விட்டவர்கள் கல்லூரியில் ஆங்கிலவழிப் பாடங்களின் முன் திணறுகிறார்கள். தமிழை விட்டவர்களுக்கு வீட்டில் உள்ளோர் எழுதும் குறிப்பும் அந்நியமாகிவிடுகிறது. எந்த மொழியை விடுவது என்பதைப் பத்தாம் வகுப்பின் தேர்வு விண்ணப்பத்தில் முடிவு செய்யாமல், தொடக்கப்பள்ளியிலேயே பெற்றோரும் ஆசிரியரும் பேசி முடிவு செய்வது நல்லது.