கைமரத்துக்குள் ஒரு குடித்தனம்

முற்றத்து உயிர்கள் – 9

போன கிழமை கறையானோடு மல்லுக்கட்டினோம். இந்தக் கிழமை வருகிறவர் மரத்தைத் துளைப்பார். ஆனால் ஒரு துணுக்கும் தின்னமாட்டார்.

செங்கலடி–பதுளை வீதியில் கரடியனாறு. வயலையொட்டிய வீடொன்றின் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கார ஐயா நிலத்தைக் காட்டினார். மஞ்சள் மரத்தூள், அரித்த மாப்போலக் குவிந்து கிடந்தது.

“விடியக் கூட்டிப்போட்டு வயலுக்குப் போறன் மகன். மத்தியானம் வந்தா திரும்பவும் கொட்டிக் கிடக்கு.”

அண்ணாந்து பார்த்தேன். கைமரத்தின் அடிப்பக்கத்தில், துறப்பணம் போட்டதுபோல வட்டத் துவாரம், சுண்டுவிரல் நுழையும். உள்ளே கரகரவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் நீலம் மினுங்கும் சிறகோடு கருவண்டு ஒன்று பின்பக்கமாக வந்து, தூளை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போனது.

“வயலுக்கு அடிச்ச மருந்தில மிச்சம் இரிக்கி. ஊத்தி விடவா?”

“கொஞ்சம் பொறுங்க ஐயா.”

வண்டு என்கிறோமே தவிர, இது தேனீ இனம். பெண் தனியாளாகவே வீடு கட்டும். கொஞ்சத் தூரம் நேரே துளைத்து, பிறகு மரத்தின் நார் ஓடும் பக்கம் திரும்பிச் சுரங்கம் வெட்டும். மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து ஓர் உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை, மரத்தூளால் ஒரு தடுப்பு. அடுத்த அறைக்கும் அதே முறை. நம் முகத்துக்கு நேரே வந்து நின்று மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது.

ஒரு துவாரத்தால் கூரை விழாது. பிள்ளைகள் பழைய சுரங்கத்துக்கே திரும்பி, அதை நீட்டிக்கொண்டே போவதுதான் சேதம். ஆகவே வாசலை அடைக்க வேண்டும். அதுவும் குடியிருப்போர் போன பிறகு. உயிரோடு வைத்து அடைத்தால் வேறு பக்கத்தால் துளைத்துக்கொண்டு வரும். துவாரத்தின்மேல் மெல்லிய கடதாசி ஒட்டி வையுங்கள். இரண்டு மாதம் கிழியாமல் இருந்தால் வீடு காலி. மர ஆப்பில் பசை தடவி அறைந்து, மேலே பெயின்ட் பூசுங்கள்.

இதற்குப் பிடித்தது வெறும் மரம்; வெயிலில் காய்ந்த மென்மரம் என்றால் இன்னும் நல்லது. எண்ணெய்ப் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்த மரத்தைப் பெரும்பாலும் தொடாது. நாம் பூச மறப்பது கைமரத்தின் அடிப்பக்கத்தையும் வெட்டுமுனையையும்தான். அது தேடி வருவதும் அங்கேதான். கழிவு ஒயில் வேண்டாம். அதுவும் நஞ்சு, மழையோடு மண்ணுக்குள் போகும்.

விரட்டினால் மட்டும் போதாது, போக இடமும் வேண்டும். இவற்றில் சில மூங்கிலில் குடியிருக்கும், சில பட்ட மரக்கிளையில். ஒரு பக்கம் கணு அடைத்த மூங்கில் துண்டுகளையும் காய்ந்த முருங்கைக் கட்டையையும் நனையாத இடத்தில் படுக்கையாகக் கட்டிவிடலாம்.

“இதுக்கு வீடும் கட்டிக் குடுக்கோணுமா?” ஐயா சிரித்தார்.

கிணற்றடிக் கொடித்தோடைப் பந்தலைக் காட்டினேன். மஞ்சள் கொடித்தோடைக்குத் தன் கொடியின் மகரந்தம் பிடிக்காது. அடுத்த கொடியிலிருந்து வர வேண்டும். பூவின் சூல்முடி உயரத்தில் இருப்பதால் சின்னத் தேனீ அதைத் தொடாமலே மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். கருவண்டின் அகன்ற முதுகுதான் அதில் உரசும். பிரேசிலில் கொடித்தோடைத் தோட்டங்களுக்குள் இதற்கென்றே கூடுகள் வைக்கிறார்கள். கத்தரிப் பூவை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பதும் இதுவே.

ஐயா மருந்துப் போத்தலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கத்தியோடு வந்தார்.

“அப்ப மூங்கிலப் பந்தலுக்குக் கிட்டயே கட்டுவம் மகன். வேலைக்கு வாற ஆளுக்குத் தூரம் கூடாதுதானே.”

(அடுத்த கிழமை: குளவி)