கடன் கணக்கு திறக்க மறுத்தால்...

மாத முடிவில் எங்கள் கடையின் கடன் பட்டியல் எக்செல் பைல் திறக்க மறுத்தது. மூன்று கொம்பியூட்டர்களுக்கும் பொதுவான பைல் அது. பையன் சேமித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்தான்.

இப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். எல்லோரும் பைலை மூடுங்கள். முதலில் பிரதி எடுங்கள். வைத்தியம் பிரதிக்கு மட்டும். எக்செலின் 'ஓப்பன்' பெட்டியில் பைலைத் தெரிவுசெய்து, 'ஓப்பன்' பட்டன் அருகிலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் 'ஓப்பன் அண்ட் ரிப்பெயார்' வரும். அதில் 'ரிப்பெயார்' சரிவராவிட்டால், 'எக்ஸ்ட்ராக்ட் டேட்டா' தொகைகளையாவது மீட்டுத் தரக்கூடும்.

எங்களுக்குத் தொகைகள் கிடைத்தன. கூட்டல் சூத்திரங்கள் போயின. இப்போது கடை பூட்டுமுன் திகதியிட்ட பிரதியொன்றைப் பென் டிரைவில் எடுக்கிறோம். கடனைக் கேட்கப் போவதற்குக் கணக்கு கையில் இருக்க வேண்டுமே!