சோற்றைக் குறைத்தால்… (17): பாப்பாரப்பட்டிக் களி உருண்டை

போன வாரம் நெய், வெண்ணெய். அதற்கு முன்னால் லண்டன் வில்லியம் பான்டிங் 1863-ல் ரொட்டியையும் சர்க்கரையையும் விட்டு இளைத்த கதை. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது பற்றிய இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு இது போதும். இந்த வாரம் சமையல் எண்ணெய் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ராகி குறுக்கே வந்து நின்றுவிட்டது. விலக்கிவிட்டு எழுத மனம் ஒப்பவில்லை.

ராகி என்னைப் பிடித்துக்கொண்ட இடம் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசியாகத் தங்கி, 1925 ஜூலை 23 அன்று மறைந்த ஊர். தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளை அரசு தடை போட்ட பிறகும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் அவர். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப அவர் தேர்ந்துகொண்ட இடம் இது. 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். அந்த நினைவிடத்துக்குப் போகாமல் இந்த ஊரைக் கடந்து போக என்னால் முடியாது. போய்விட்டு வரும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன்.

அந்த வீட்டு அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். “அரிசிய விட்டாச்சு சாமி. மூணு வேளையும் களிதான். அப்பவும் சுகரு எறங்க மாட்டேங்குது” என்றார். உருண்டை எவ்வளவு பெரிசும்மா என்று கேட்டேன். இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். ராகியிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. “ராகியும் ஆகாதுன்னா நாங்க என்னத்தத்தான் திங்கறது?”

இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் மிக நியாயமானது. பதில் சொல்லாமல் எண்ணெய்க்குப் போக முடியாது.

முதலில் கணக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து 78.2 கிராம். 100 கிராம் ராகியில் 72. சாமையில் 67. புரதம் அரிசியில் 6.8, ராகியில் 7.3, சாமையில் 7.7. அரிசிக்கும் ராகிக்கும் இடையில் வெறும் ஆறு கிராம்தான். மாவுச்சத்தைக் கண்டிப்பாகக் குறைப்பவர்கள் நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள் நிற்கப் பார்க்கிறார்கள். கொஞ்சம் தாராளமாகக் குறைப்பவர்களுக்கு எல்லை 130 கிராம். நூறு கிராம் மாவில் கிளறிய ஒரே உருண்டை முதல் எல்லையைத் தாண்டிவிடும். இரண்டு உருண்டை இரண்டாவதையும் தாண்டும். போதாததற்கு இந்தப் பக்கத்துக் களியில் ராகி மட்டும் இல்லை. உலை கொதித்ததும் நொய்யைப் போட்டு, அது வெந்த பிறகுதான் மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறுகிறார்கள். அரிசியை விட்டுவிட்டதாக நினைப்பவர் வயிற்றுக்குள் அரிசி போய்க்கொண்டேதான் இருக்கிறது.

ராகிக்கு மாறினால் மட்டும் போதாது என்பது என் ஊகம் இல்லை. என்னை இந்த வாரம் முழுக்க விடாமல் பிடித்துவைத்திருந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சென்னை மோகன் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பின் உணவுப் பகுதி, 2025-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. டாக்டர் ஆர்.எம். அஞ்சனா அதன் முதன்மை ஆசிரியர்களில் ஒருவர். 1,21,077 பேர். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த கண்டுபிடிப்பு. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், தீட்டிய அரிசிக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிடுவதால் மட்டும் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. தானியத்தை மாற்றினால் போதாது, அளவும் இறங்க வேண்டும். மொத்தக் கலோரியில் ஐந்து சதவீத அளவுக்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்துக் கணக்குப் போட்டபோதுதான் வாய்ப்பு குறைந்தது.

கணக்கெடுப்பை வைத்துப் போட்ட கணக்கு இது. ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து வேறு வேறு சாப்பாடு கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல. அதை மறக்கக் கூடாது. ஆனாலும் ‘அரிசியை விடு, ராகிக்கு மாறு, எல்லாம் சரியாகும்’ என்று பத்து வருடமாகக் கல்யாண வீட்டிலும் பேருந்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு யோசிக்க இது போதுமான காரணம்.

ராகியின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்தத் தானியத்தைப் போல மனிதனுக்கு உழைத்த தானியம் குறைவு. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பு இங்கே வந்து, மழை பொய்க்கும் செம்மண்ணிலும் விளைந்து கொடுத்தது. பூச்சி அண்டாமல் வருடக்கணக்கில் கெடாது. பஞ்சம் வரும் பூமியில் அது எவ்வளவு பெரிய பலம்! இன்னொன்றும் உண்டு. அரிசியைத் தீட்டுவது போல ராகியை லேசில் தீட்ட முடியாது. அதன் செந்தோல் உள்ளே இருக்கும் மாவோடு இறுக ஒட்டியிருக்கிறது. தோலை உரிக்கப் போனால் மணியே நொறுங்கிவிடும். ராகியை முழுசாக உரித்தெடுக்க, மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் மணியை நனைத்து, ஆவியில் வேகவைத்து, காயவைத்துக் கெட்டிப்படுத்தும் தனி முறையையே உருவாக்க வேண்டியிருந்தது. அதனால்தான் நம் வீடுகளில் ராகி எப்போதும் தோலோடு அரைபடுகிறது. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் தப்பிப் பிழைத்தது அப்படித்தான். பட்டுப்போல இருக்க வேண்டும் என்று மெல்லிய துணியில் சலிப்பவர்கள் அதையும் இழக்கிறார்கள். தயவுசெய்து சலிக்காதீர்கள்.

சுண்ணாம்புச் சத்து என்றதும் ரேஷன் கடை நினைவுக்கு வருகிறது. ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023-ல், தமிழக அரசு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களை முன்னோடியாக வைத்து, அட்டைக்கு மாதம் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ராகிக்கான ஆதரவு விலை 2022-23-ல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய், 2025-26-க்கு 4,886.  மானாவாரி விவசாயிக்கு இந்தத் திட்டம் எவ்வளவு ஆறுதல் என்பதை இந்தப் பக்கம் வந்து பேசினால் தெரியும்.

இப்போது அந்த இரண்டு கிலோவை மேலே சொன்ன அட்டவணையில் வைத்துப் பாருங்கள். இரண்டு கிலோ அரிசியில் மாவுச்சத்து 1,564 கிராம். இரண்டு கிலோ ராகியில் 1,440. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்தில் குறைவது 124 கிராம், நாளைக்கு நான்கு கிராம். நான்கு பேர் என்றால் தலைக்கு ஒரு கிராம். சுண்ணாம்புச் சத்தோ இரண்டு கிலோ அரிசியில் 200 மில்லிகிராம், ராகியில் 6,880! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் வாங்க முடியாத வீட்டுக் குழந்தையின் எலும்புக்கு இந்தத் திட்டம் பெரிய வரம். சர்க்கரை நோய்க்கு மருந்தென்று நினைத்தால் ஏமாற்றம்தான். திட்டத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் முதல் காரணத்துக்காகப் பேசட்டும்.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன பதில்? மாவுச்சத்தை ஏறக்குறைய முழுக்க ஒதுக்கும் கீட்டோ முறையில் கண்டிப்பாக இருப்பவர்களுக்கு ராகியே கூடாது. பாப்பாரப்பட்டியில் அந்த உணவுப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு வாரம் தாங்காது. நான் சொன்னது இதுதான்: உருண்டையைப் பாதியாக்குங்கள், பிறகு இன்னும் கொஞ்சம் குறையுங்கள், நொய்யை விட்டுவிடுங்கள், குழம்பை இரண்டு மடங்காக்குங்கள். 50 கிராம் மாவில் களி என்றால் மாவுச்சத்து 36 கிராம். கூட இரண்டு முட்டை: மாவுச்சத்து அநேகமாக இல்லை, புரதமும் கொழுப்பும் 13 கிராம் வீதம். நாமக்கல் முட்டை இந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. முருங்கைக்கீரை ஒரு கிண்ணம் நிறைய, எண்ணெய் தாராளமாக விட்டுத் தாளித்தது. ஒரு பிடி வேர்க்கடலை. மாவுச்சத்து எல்லாம் சேர்த்து 55, 60 கிராம் வரும். 130-க்குள் அன்றைய நாளை முடிக்க இது இடம் கொடுக்கும். ராத்திரிக்கு நாட்டுக்கோழிக் குழம்போ மொச்சைக் குழம்போ, களி இல்லாமல். 100 கிராம் கொள்ளில் புரதம் 22 கிராம் இருந்தாலும் மாவுச்சத்து 57 கிராம். அதனால் கொள்ளு ரசம் சரி, கொள்ளுச் சுண்டல் அளவோடு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. நம் ஊர் பேலியோ உணவுமுறைக்காரர்கள் காலையில் நூறு பாதாம் என்கிறார்கள். வேர்க்கடலையைப் பயறு வகை என்று ஒதுக்குகிறார்கள். உலகத்துப் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கலிபோர்னியாவில் விளைகிறது. நிலக்கடலை பிடுங்கும் காட்டில் நின்றுகொண்டு, கடலை ஆகாது, கடல் தாண்டி வரும் கொட்டையை வாங்கு என்று கூலிக்காரரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 100 கிராம் வேர்க்கடலையில் கொழுப்பு 40, புரதம் 25, மாவுச்சத்து 26. ஒரு பிடி, 30 கிராம் என்று நிறுத்திக்கொண்டால் மாவுச்சத்து 8 கிராம்தான். இதைவிட மலிவான நல்ல கொழுப்பு இந்த மாவட்டத்தில் வேறு எது? தேங்காயும் எள்ளும் உண்டு. ராகியைக் குறைக்கும்போது போகும் சுண்ணாம்புச் சத்தை எள் ஈடுகட்டும்: 100 கிராமில் 1,450 மில்லிகிராம். எள்ளுப்பொடியைக் கீரையில் தூவச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மாத்திரை பற்றிச் சொல்லாமல் இந்த இதழை முடிக்க மாட்டேன். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். 2004 வரை அதுவும் தருமபுரி மாவட்டம்தான். அந்தத் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், களியைத் திடீரென்று பாதியாக்கிவிட்டு மருந்தை மட்டும் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். வியர்த்து, கை நடுங்கி, வயலிலேயே மயங்கி விழுந்துவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து. மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தம் அமிலமாகலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கவும் கூடும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தாங்களாக எதையும் தொடங்க வேண்டாம். மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடமோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ, “சாப்பாட்டைக் குறைக்கப்போறேன், மருந்தையும் பாருங்க” என்று முதலில் சொல்ல வேண்டும். அந்த அம்மாவையும் இதைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கவனித்தவர்கள் ஒன்றைக் கேட்பார்கள். அஞ்சனா குழுவின் ஆய்வு மாவுச்சத்தின் இடத்தில் புரதத்தை வைத்ததுதானே, நீ கொழுப்பு கொழுப்பு என்று எழுதுகிறாயே என்று. சரியான கேள்வி. எந்தக் கொழுப்பு, எவ்வளவு, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயா நல்லெண்ணெயா ரேஷன் பாமாயிலா என்பதெல்லாம் அதற்குள்தான் அடங்குகிறது. அடுத்த வாரம் எண்ணெய்தான்.